விளம்பர இடைவேளையில் ஓடிய ரயில்கள்

எங்கள் வீட்டு கராஜில் ஒரு நாளும் கார் நின்றதில்லை. கார் இரண்டும் டிரைவ்வேயில் வெயிலில் காயும். உள்ளே ஏசி போட்டுக்கொண்டு சுகமாக இருப்பது ரயில். சுவரை ஒட்டி இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, அதன் மேல் தண்டவாளம், மலை, சுரங்கம், பாலம், ஸ்டேஷன், ஸ்டேஷன் வாசலில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மனிதர்கள். இன்ஜின் ஒரு சாண் இருக்கும். அதை ஓட்டுவதற்குச் சனிக்கிழமைதோறும் மூன்று ஆண்கள் கூடுவார்கள். மூவரும் சாஃப்ட்வேரில் பெரிய பதவியில் இருப்பவர்கள். மூவருக்கும் தலை நரைத்துவிட்டது. மூவருக்கும் நான்தான் டீ போட வேண்டும். இப்போது போடுவதில்லை. ஏன் போடுவதில்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூவரில் ஒருவர் என் கணவர், பொள்ளாச்சிக்காரர். இன்னொருவர் சான் ஹோசேயிலிருந்து வருபவர், பரம சாது, எதற்கும் சிரிப்பார். மூன்றாமவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நாங்கள் இருக்கிற இதே டப்ளினில் சில தெரு தள்ளி இருக்கிறார், மெட்ராஸ்காரர், எங்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர். வாயால் அவரை அண்ணா என்று கூப்பிடுவேன். மனதுக்குள் ஸ்டேஷன் மாஸ்டர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் இழவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம். எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என் மனம் மாறிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

ரயில் ஓட்டுவதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். உலகத்தில் வேறு எங்கேயாவது இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது. கராஜ் அலமாரியில் ஒரு ரேடியோ. அதில் எங்கள் ஊர் டீமின் பேஸ்பால் ஆட்டம். ஆட்டம் நடக்கிற வரையில் எல்லா ரயிலும் ஸ்டேஷனில் நிற்க வேண்டும். ஒரு டீமில் மூன்று பேர் அவுட் ஆனதும் இரண்டு டீமும் இடம் மாறும், ரேடியோவில் விளம்பரம் போடுவான். அந்த விளம்பரம் ஓடுகிற நேரத்தில்தான் ரயில் ஓடலாம். முதல் விளம்பரத்தில் ஸ்டேஷன் மாஸ்டரின் வண்டி பாலத்தைக் கடக்கும். இரண்டாவது விளம்பரத்தில் என் கணவரின் வண்டி எதிர்த்திசையிலிருந்து வந்து அதே பாலத்தைக் கடக்கும். பாலத்தின் மேல் ஒற்றைத் தண்டவாளம்தான். மிச்ச விளம்பரத்தில் சான் ஹோசேக்காரர் தன் சரக்கு வண்டியை நகர்த்திக்கொள்வார். வர்ணனையாளர் குரல் திரும்பக் கேட்டதும் எல்லாம் நின்றுவிட வேண்டும். கார் இன்சூரன்ஸ், மெத்தைக் கடை, விபத்து வக்கீல் என்று ஊரே சத்தத்தைக் குறைக்கிற இடத்தில் இவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுப்பார்கள்.

ரயில் பைத்தியத்துக்கும் பேஸ்பால் பைத்தியத்துக்கும் என்ன உறவு என்று நானும் பல வருஷம் யோசித்திருக்கிறேன். இரண்டிலும் முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது. சும்மா நின்றுகொண்டு, நடக்கப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கலாம். வீட்டில் ஒரு வேலையும் செய்யாமல் மும்முரமாக இருப்பது போலக் காட்டிக்கொள்ள இதைவிட வசதி வேறு கிடையாது. எனக்குத் தெரிந்தவரை உறவு அவ்வளவுதான்.

ஆனால் என் எரிச்சலுக்குக் காரணம் ரயில் இல்லை. பேஸ்பால் என்னுடையது. அதுதான் காரணம்.

கல்யாணமாகி ஃப்ரீமான்ட்டுக்கு வந்தபோது என்னுடையது மனைவியாகக் கூட வருகிறவர்களுக்குத் தருகிற எச்-ஃபோர் விசா. வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. கோவில்பட்டியில் எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருஷம் காலேஜில் பாடம் எடுத்தவள், இங்கே வந்து கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பார்ட்மென்ட்டில் எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் சமையலறையில் ஒரு ரேடியோவை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் திருகியபோது ஒரு பெரியவர் குரல் வந்தது. நிதானமாக, யாருக்கும் எந்த அவசரமும் இல்லாததுபோலப் பேசியது. என்ன விளையாட்டு என்றுகூடப் புரியவில்லை. இருந்தாலும் தினமும் கேட்டேன். அமெரிக்காவில் பகல் நேரத்தில் என்னோடு பேசிய முதல் மனிதக் குரல் அதுதான். பந்து போடுகிறவர் பிட்சர், மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், நான்கு பந்து தள்ளிப் போட்டால் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம் என்று ஒவ்வொன்றாகக் காதாலேயே படித்தேன். ஒரு கோடை முடிவதற்குள், பிட்சரை எப்போது மாற்றுவார்கள் என்று வர்ணனையாளருக்கு முன்னால் நானே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

என் கணவரை மைதானத்துக்குக் கூட்டிப்போனதே நான்தான். வளைகுடா ஓரத்துக் குளிர்காற்று, பாதி காலியான பச்சை நாற்காலிகள். உட்கார்ந்ததும் கேட்டார், "மொத்தம் எத்தன ஓவருங்க?" எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமான புதிது, என்னைக்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவருக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நான் பென்சிலால் ஸ்கோர் எழுதுவேன், அவர் வேர்க்கடலை உரித்து இடது உள்ளங்கையில் சேர்த்துவைத்து, கை நிறைந்ததும் என் பக்கம் நீட்டுவார். மைதானத்துக்குப் பக்கத்திலேயே ரயில் நிலையம். ரயில் போகும்போதெல்லாம் ஆட்டத்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பிறகு மகள் பிறந்தாள், எனக்கும் ஓர் ஆபீஸில் வேலை கிடைத்தது, டப்ளினில் வீடு வாங்கினோம். மகளின் நாலாவது பிறந்தநாளுக்கு ஒரு பொம்மை ரயில் வாங்கினார். அந்த வருஷம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பொங்கல் பாட்லக்குக்கு வந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்த்தார். "என்னப்பா, பொம்மைய வச்சு ஆடினுகீறே? ஒழுங்கா பண்ணலாம் வா" என்றார். அடுத்த மாதம் கராஜில் பலகை ஏறியது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். மகளுக்கு இப்போது பதினாறு முடிந்துவிட்டது, அவளுடைய ரயில் இன்னும் அவள் கைக்குத் திரும்பவில்லை.

நான் சொல்லிக்கொடுத்த பேஸ்பாலை என் கணவர் அந்த கராஜுக்குள் எடுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷன் மாஸ்டர் அதில் ஞானி ஆனார். மைதானத்தை அப்படியே சின்னதாகச் செய்து, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வைத்தார். நன்றாகத்தான் செய்திருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என்னை அதன் பக்கத்தில் போய்ப் பார்க்க விட்டதில்லை. ரயில் ஓட்டுகிறவர்கள் நிற்பது நடுவில். அங்கே போக ஒரு பலகைக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டும். நான் இந்தப் பக்கம் நின்று பலகைக்கு மேலாக டீயையும் பஜ்ஜியையும் நீட்டுவேன். உள்ளே வா என்று ஒருவரும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஒருமுறை, "இந்த பிட்சர் களைச்சுட்டார், இப்ப மாத்தலைன்னா அடி வாங்குவாங்க" என்று சொல்லிவிட்டேன். ஸ்டேஷன் மாஸ்டர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார், "கேம நாங்க பாத்துக்கறோம்மா. நீ சட்னி இருந்தா கொண்டா." அடுத்த பந்திலேயே எதிர் டீம்காரன் பந்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பி ஹோம் ரன் அடித்தான். சட்னியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இந்த நிலையில்தான் டீம் ஊரை விட்டுப் போகிறது என்று முடிவானது. வருஷக்கணக்காகப் போகிறேன் போகிறேன் என்று மிரட்டிக்கொண்டே இருந்த முதலாளி கடைசியில் மூட்டை கட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. நான் வேலையில்லாமல், சிநேகிதம் இல்லாமல், வாய் பேச ஆள் இல்லாமல் இருந்த காலத்தில் எனக்கென்று இருந்த ஒரே இடத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறான் என்றுதான் தோன்றியது. பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம் ஒரு வேலை நாள் மதியம். என் கணவர் முந்திக்கொண்டு நான்கு டிக்கெட் வாங்கிவிட்டார்.

மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். "நாங்க மூணு பேரு. நாலாவது உனக்குத்தான். மொத மேட்ச்சு உன்கூடத்தான பாத்தேன்? கடைசியும் உன்கூடத்தான்" என்றார். அடுப்பிலிருந்த தோசை கருகியது. நான் கவனிக்கவில்லை. அன்றைக்கே ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தேன். பழைய பென்சில்கூட எடுத்துச் சீவி வைத்தேன்.

விபத்து நடந்தது அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை.

அன்று ஸ்டேஷன் மாஸ்டர் காதில் புதிதாக இரண்டு வெள்ளைக் குமிழ்களோடு வந்தார். மகன் வாங்கிக் கொடுத்ததாம். ரயில் ஓடும்போது கராஜ் ரேடியோ கரகரக்கும், அது உண்மைதான். அதனால் இனிமேல் போனில் ஆப் வழியாகவே ஆட்டம் கேட்கப் போவதாகச் சொன்னார். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வராதாம். "ஸ்டுடியோல ஒக்காந்து கேக்கற மாதிரி இருக்குப்பா" என்று எல்லோருக்கும் சொன்னார். என் கணவரும் சான் ஹோசேக்காரரும் பழைய ரேடியோவிலேயே கேட்டார்கள். நான் சமையலறையில் என் ஃப்ரீமான்ட் ரேடியோவில் கேட்டுக்கொண்டே வாழைக்காய் பஜ்ஜி போட்டேன்.

ஏழாவது இன்னிங்ஸ். எங்கள் ஆட்கள் ஃபீல்டிங். தட்டை எடுத்துக்கொண்டு நான் கராஜ் கதவைத் திறக்கவும், உயரமாக அடித்த பந்தைச் சுவரோரத்தில் ஓடிப்போய் ஒருத்தன் பிடிக்கவும் சரியாக இருந்தது. மூன்றாவது அவுட். சமையலறை ரேடியோவும் கராஜ் ரேடியோவும் ஒரே குரலில் கத்தின. நானும் அம்பயர் மாதிரி முஷ்டியைத் தூக்கி, "அவுட்!" என்றேன். முதல் விளம்பரம் ஆரம்பித்தது. ஸ்டேஷன் மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் வண்டி அசையவே இல்லை. சரி, மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாவது விளம்பரம் வந்ததும் என் கணவர் தன் வண்டியை எடுத்தார். அதே நேரம் ஸ்டேஷன் மாஸ்டரும் தன் வண்டியை எடுத்தார். இரண்டு பேரும் தலையைக் குனிந்து கையிலிருந்த விசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பாலத்தின் நடுவில் இரண்டும் நேருக்கு நேர் முட்டின. என் கணவருடைய இன்ஜின் சாய்ந்தபடி தொங்கியது. ஸ்டேஷன் மாஸ்டருடையது, ஜப்பானில் பித்தளையில் செய்த கறுப்பு இன்ஜின், பாலத்திலிருந்து நேராகச் சிமென்ட் தரையில் விழுந்தது. சக்கரம் ஒன்று உருண்டு வந்து என் செருப்பில் தட்டி நின்றது.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு காதுக் குமிழை மட்டும் பிடுங்கினார். நேரே என்னைப் பார்த்தார். "எதுக்கும்மா கத்துன? ஆளு அவுட்டே ஆவல, அதுக்குள்ள கையத் தூக்கிட்டியே. உன்னைப் பாத்துட்டு இவன் கணக்கு தப்பிட்டான்."

"ரேடியோல சொன்னதத்தான அண்ணா சொன்னேன்?"

"நானும் அதே ரேடியோ ஸ்டேஷனத்தாம்மா கேக்கறேன்!" என்று மறு காதைத் தட்டிக் காட்டினார். "நீ கத்தும்போது பேட்டர் இன்னும் பேட்ட புடிச்சினு நிக்கறான்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் காதாலேயே கேட்டவர். மூன்றாவது அவுட், முதல் விளம்பரம், இரண்டாவது விளம்பரம் எல்லாம் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். நானும் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் தொங்கிய இன்ஜினை எடுத்துத் தண்டவாளத்தில் நிமிர்த்தி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், "ரேடியோ கரகரன்னுது அண்ணா. இவ அவுட்டுன்னா. அதான் நான் வெளம்பரத்த எண்ண ஆரம்பிச்சுட்டேன்."

அந்த நிமிஷம் அந்தத் தட்டை அவர்கள் மலைமேல் கவிழ்க்கலாமா என்று இருந்தது. கவிழ்க்கவில்லை. உள்ளே கொண்டுபோய் நானும் மகளுமாகச் சாப்பிட்டு முடித்தோம்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் வந்து சமையலறை மேடையைத் தேவையில்லாமல் துடைத்தார். ஏதோ வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. "அவரு மனசு ஒடஞ்சு போயிட்டாரு. அந்த இன்ஜினுக்கு இனி பார்ட்ஸே கெடைக்காதாம். அவரு மச்சான் பிளானோல இருந்து வர்றாராம், பேஸ்பால்னா உசுராம். நாலாவது டிக்கெட்ட அவருக்குக் குடுத்தர்லாமான்னு கேக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். நீ டிவில பாத்துக்கலாமல்ல? டிவில இன்னும் கிளியராத் தெரியும்."

மேஜையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவர் போனதும், "அம்மா, ஜஸ்ட் பை யுவர் ஓன் டிக்கெட்" என்றாள். டிக்கெட்டா எனக்குப் பிரச்சினை? சம்பாதிக்கிறேன், வாங்கத் தெரியாதா? கடைசியும் உன்கூடத்தான் என்று சொன்ன வாயல்லவா அது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஊரில் சொல்வார்கள். எனக்குப் பழி மட்டும் வந்தது, பாவம் எங்கே இருக்கிறதென்றுகூடத் தெரியவில்லை.

அதுவும் அடுத்த சனிக்கிழமை தெரிந்துவிட்டது. அன்று நான் பஜ்ஜி போடவில்லை. ஒரு பிஸ்கெட் பாக்கெட்டைப் பிரிக்காமலே கராஜ் கதவருகில் வைத்துவிட்டு வந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் யாரையோ கூப்பிட்டுப் பேச பேக்யார்டுக்கு வந்தார். பேசி முடித்ததும் காதில் ஆட்டம் கேட்டபடி என் சமையலறை ஜன்னலுக்கு எதிரே நின்றார். உள்ளே என் ரேடியோவில் எங்கள் பேட்டர் ஸ்ட்ரைக் அவுட் ஆனான், மூன்றாவது அவுட். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது. நான் சே என்று கரண்டியைப் போட்டேன். அவரோ முகத்தை இறுக்கிக்கொண்டு, பந்து இனிமேல்தான் வரப்போகிறது என்பதுபோலக் காத்திருந்தார். ரேடியோவில் ஒரு விளம்பரம் முழுசாக ஓடி முடிந்தது. அதற்கப்புறம்தான் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு, "சே!" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன்.

ஆப் வழியாக வருவது ரேடியோவுக்குப் பின்னால்தான் வந்து சேரும். ஒரு விளம்பர நேரம் பின்னால். கராஜில் இரண்டாவது விளம்பரம் ஓடும்போது அவர் காதில் முதல் விளம்பரம் ஓடும். இரண்டு பேரும் தங்கள் முறை என்றுதான் வண்டியை எடுத்திருக்கிறார்கள். விளம்பரத்தை சிக்னலாக வைத்து ரயில் ஓட்டுகிறவர்களைத் தவிர இப்படி ஒரு தப்பை உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. அதிலும் மூன்று பேரும் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் செய்கிறவர்கள்.

ரேடியோவின் வயரைப் பிடுங்கி பேட்டரியில் போட்டேன். கராஜுக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் அதற்குள் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தார். இந்தத் தடவை பலகைக்கு வெளியே நிற்கவில்லை. புடவையா கட்டியிருக்கிறேன், பேன்ட்தானே? குனிந்து உள்ளே போனேன். மூவரும் விலகி நின்றார்கள். கராஜ் ரேடியோவை அணைத்துவிட்டு, என்னுடையதை என் காதோடு வைத்துக்கொண்டு அவருக்கு எதிரே நின்றேன். என் உதட்டைப் பார்க்கும்படி சைகை காட்டினேன்.

"ஃபௌல்" என்றேன்.

"என்னாம்மா?"

"பொறுங்க." கொஞ்ச நேரத்தில் அவர் புருவம் ஏறியது. அவர் காதில் ஃபௌல் வந்துவிட்டது.

"இப்ப வாக். முதல் பேஸுக்கு நடக்கிறான்." காத்திருந்தோம். அவர் கண் சுருங்கியது. "இப்ப பிட்சர மாத்துறாங்க. அன்னைக்கும் நான் சொன்னேனே, களைச்சா மாத்தணும்னு." அதுவும் வந்து சேர்ந்தது. சான் ஹோசேக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார், தோள் மட்டும் குலுங்கியது.

"உங்க காதுல வர்றது பழைய ஆட்டம் அண்ணா. நான் அன்னைக்கு முன்னாடி கத்தல. நீங்கதான் பின்னாடி நின்னுட்டு இருந்தீங்க."

ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு குமிழ்களையும் நிதானமாகக் கழற்றினார். சட்டையில் துடைத்தார். டப்பாவில் போட்டு மூடினார். மன்னிப்பு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, ஆனால் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "இன்னிக்கி டீ இல்லியாம்மா?" என்றார்.

"இல்லண்ணா. இனிமேலும் இல்ல."

வாசலில் அவர் கார் கிளம்பியதும் என் கணவர் உள்ளே வந்தார். நான் ஜெயித்ததற்கு ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றிருந்தேன், எவ்வளவு முட்டாள் பாருங்கள். "வயசுல பெரியவர நாலு பேரு முன்னாடி இப்பிடியா பேசறது?" என்றார்.

"நாலு பேர் எங்க இருந்தாங்க? மூணு பேர்தான் இருந்தீங்க. நாலாவதா நான் இருந்தேன்."

அவருக்குக் கொஞ்சம் உறைத்திருக்க வேண்டும். மேடையைத் துடைக்கத் துணியைத் தேடினார். "டிக்கெட்டு விஷயந்தான... மச்சான் ஃப்ளைட் புக் பண்ணிட்டாராம். இப்ப போயி எப்பிடி வேண்டாங்கறது? அட உடு, சொன்னா கேளு." விட்டேன். விடாமல் என்ன செய்வது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போக முடியும்?

கடைசி ஆட்டத்தன்று லீவை ரத்து செய்யவில்லை. அவர் நான் ஆபீஸுக்குப் போவதாக நினைத்துக்கொண்டு ஸ்டேஷன் மாஸ்டர் காரில் ஏறிப் போனார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டு, டப்ளினிலிருந்து நிஜ ரயிலில் போனேன். டிக்கெட்டை முன்பே வாங்கியிருந்தேன். அவர்கள் எந்த வரிசை என்று எனக்குத் தெரியும், டிக்கெட் வாங்கிய அன்று அவரே ஆசையாகக் காட்டியிருந்தார். சில வரிசை பின்னால், சற்றுச் சாய்வாகப் பார்க்கிற மாதிரி ஓர் இடம் கிடைத்தது.

மைதானம் நிறைந்திருந்தது. இத்தனை வருஷம் எங்கே போயிருந்தீர்கள் என்று அத்தனை பேரையும் பிடித்து உலுக்கத் தோன்றியது. எனக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைக்கார அம்மாள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். நான் அழவில்லை. ஸ்கோர் எழுதினேன்.

அவர்கள் நான்கு பேரையும் பார்த்தேன். சான் ஹோசேக்காரர் ஒரு பக்கம் சிரித்துக்கொண்டிருந்தார். பேஸ்பால் என்றால் உயிர் என்று பிளானோவிலிருந்து வந்த மச்சான் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்து போனில் ஏதோ ஷேர் மார்க்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டேஷன் மாஸ்டர் மைதானத்தில் உட்கார்ந்தும் காதில் குமிழை மாட்டியிருந்தார். கண்ணெதிரே ஒருத்தன் அவுட் ஆவான், கூட்டம் முழுக்க எழுந்து கத்தி உட்காரும். வர்ணனையாளர் சொன்ன பிறகு இவர் தனியாகக் கை தட்டுவார். நான் அன்று சொன்னது இந்த மனிதருக்கு இன்னும் ஏறவில்லை. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இனித்தது என்று மறைக்க மாட்டேன்.

என் கணவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். உரித்து உரித்து இடது உள்ளங்கையில் சேர்த்தார். கை நிறைந்ததும் பழக்கத்தில் பக்கத்தில் நீட்டினார். மச்சான் போனிலிருந்து கண்ணெடுக்காமல் வேண்டாம் என்று தலையாட்டினார். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு மடியில் இறங்கியது. அவரும் சாப்பிடவில்லை. இறங்கிப் போய் அந்தக் கடலையை வாங்கிக்கொள்ளலாமா என்று எனக்குத் தோன்றியது, அதற்காக என்மேலேயே கோபமும் வந்தது.

கடைசி இன்னிங்ஸ். கடைசி பேட்டர் அடித்த பந்து உருண்டு போனது, எடுத்து எறிந்தார்கள், அவுட். நான் அதைக் கட்டத்தில் எழுதி முடித்தேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள், என்னைச் சுற்றிலும் பெரிய பெரிய ஆண்கள் குழந்தை மாதிரி அழுதார்கள். என் போன் அடித்தது. பார்த்தால் அவர். கீழே, என் கண்ணெதிரே, ஒரு கையில் கடலையும் ஒரு கையில் போனுமாக நிற்கிறார்.

"ஏம்மா, கேட்டியா? முடிஞ்சுது" என்றார். குரல் உடைந்திருந்தது.

"கேட்டேன்."

"உன்னையக் கூட்டிட்டு வந்திருக்கோணும். தப்புப் பண்ணிட்டேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "அந்த ரேடியோவக் கொஞ்சம் கம்மி பண்ணு. சத்தம் ரெண்டு ரெண்டாக் கேக்குது."

"ரேடியோ இல்லங்க" என்றேன். "உங்க பின்னாடிதான் நிக்கிறேன். திரும்பாதீங்க."

அவர் முதுகு விறைத்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. போன் காதிலேயே இருந்தது. பக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், அப்போதுதான் அவருக்கு ஆட்டம் முடிந்தது போலிருக்கிறது, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். என் கணவர் கடலை இருந்த கையை மூடிக்கொண்டார்.

"செரி" என்றார்.

இருபது வருஷத்தில் நான் சொல்லி அவர் அப்படியே கேட்ட பேச்சு அது ஒன்றுதான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு, படியேறி வாசல் வரைக்கும் போய், அங்கே நின்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை. இன்றைக்கும் எனக்குக் கோபம் அதில்தான்.